சங்கங்களுக்கு ஏற்ற இணையத்தளம் எது?

(எமது சங்க உறுப்பினர் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சங்கத்துக்கென ஓர் இணையத்தளம் வேண்டும் என்பது சென்ற கூட்டத்திலே தீர்மானமாயிற்று. அஃது எவ்வகைப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பதே தீர்மானமாகாமல் நிற்கின்றது. அதுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயிலுகின்றோம் என்பதொன்றே எமக்குள்ள தகுதி. மூத்தோர் நிறைந்த சபையிலே பேசுதற்கு அது போதுமோ என்பது வேறு கேள்வி. ஆயினும் பொருள் எமக்குப் பிடித்தமானது. ஆதலின் துணிந்து நின்றோம்.

இளைஞர் பக்கத்திலே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், "வேர்ட்பிரெஸ் இருக்கவே இருக்கின்றது, உலகமெல்லாம் அதைத்தானே பாவிக்கின்றது" என்பர். மறு கட்சியார், "அந்தப் பாரமெல்லாம் எமக்கெதற்கு? நிலையான பக்கங்கள் சிலவற்றை எழுதி ஏற்றிவிட்டால் முடிந்தது" என்பர். பெரியோர்களோ இரண்டு வகைக்கும் மாதிரிகளைப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? இதற்கேன் தம்பிமாரே இவ்வளவு சண்டை?" என்று கேட்டார்கள். அது சரியான கேள்வி. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு திரைக்குப் பின்னால் இருக்கின்றது. அதனை முதலில் விளங்கிக்கொள்வோம்.

எமது ஆண்டு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். அஃது அச்சகத்திலே அச்சாகிக் கட்டாக வந்து சங்க அலுமாரியிலே இருக்கின்றது. ஒருவர் வந்து கேட்டால் ஒரு பிரதியை எடுத்துக் கொடுக்கின்றோம். எடுத்துக் கொடுப்பவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நிலையான இணையத்தளம் இத்தகையது. பக்கங்கள் யாவும் முன்னரே முழுமையாக எழுதப்பட்டுக் கோப்புகளாகக் கிடக்கின்றன. உங்கள் கைபேசி ஒரு பக்கத்தைக் கேட்டவுடன், எங்கோ ஓரிடத்திலுள்ள சேவையகக் கணினி அந்தக் கோப்பை எடுத்து அனுப்பிவிடுகின்றது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இனி வேறோர் ஏற்பாட்டைக் கற்பனை செய்யுங்கள். மலரின் பிரதி ஒன்றேனும் அலுமாரியில் இல்லை. கட்டுரைகள் ஒரு பெட்டியிலும், படங்கள் இன்னொரு பெட்டியிலும், பக்க அமைப்பின் மாதிரி மூன்றாவது பெட்டியிலும் உள்ளன. ஒருவர் வந்து, "12 ஆம் பக்கம் வேண்டும்" என்கின்றார். உடனே அச்சுக்கோப்பாளர் எழுந்து, கட்டுரையைத் தேடி எடுத்து, ஈய எழுத்துக்களைக் கோத்து, ஒரேயொரு தாளை அச்சிட்டு அவர் கையிலே கொடுத்துவிட்டு, கோத்த எழுத்துக்களைக் கலைத்து அறைகளிலே போட்டுவிடுகின்றார். அடுத்தவர் வந்து அதே பக்கத்தைக் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றார். உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று பாடப்புத்தகத்திலும், சி.எம்.எஸ். என்று பேச்சிலும் வழங்கப்படுவது இப்படித்தான் இயங்குகின்றது. கட்டுரைகள் தரவுத்தளம் ஒன்றிலே கிடக்கின்றன. தோற்றம் வார்ப்புருவிலே கிடக்கின்றது. இரண்டையும் கோத்துப் பக்கமாக்கித் தருவது ஒரு நிரல். வேர்ட்பிரெஸ்ஸைப் பொறுத்தமட்டில் அந்த நிரல் பி.எச்.பி. என்னும் மொழியிலே எழுதப்பட்டது.

கேட்பதற்கு இது பைத்தியக்கார வேலைபோலத் தோன்றும். ஆனால் அச்சுக்கோப்பாளர் இங்கே மனிதர் அல்லர். கண்ணிமைக்கும் நேரத்திற் கோத்துவிடுகின்றார். அதனால் வரும் நன்மைகளும் சிறியன அல்ல. ஓரெழுத்தைத் திருத்தினால் அடுத்த கணமே எல்லோரும் திருத்தத்தைக் காண்பர். ஆளுக்கேற்றபடி வெவ்வேறு பக்கம் கொடுக்கலாம். எழுதுபவருக்குப் பக்கம் அமைக்கும் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், கடிதம் எழுதுவதுபோல எழுதிவிட்டு வரலாம். கூட்டம் மிகும் நேரத்தில் வேலையைக் குறைக்க, ஒருமுறை கோத்த பக்கத்தைச் சிறிது நேரம் வைத்திருந்து கொடுக்கும் உபாயமும் உண்டு. இவையெல்லாம் சரி. ஆனால் அச்சகம் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். ஏட்டை அலுமாரியிலே வைத்துவிட்டு ஊருக்குப் போகலாம். அச்சகத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகலாமா? எமது வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சுவிற்சர்லாந்திலே ஜெனீவா நகருக்கருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்திலே ரிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989 இல் இத்திட்டத்தை வரைந்தார். 1991 இல் முதல் இணையத்தளம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது வெறும் எழுத்தாலான நிலையான பக்கம். அப்பக்கத்தின் 1992 ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றைச் செர்ன் நிலையத்தார் 2013 இல் மீண்டும் பழைய முகவரியிலேயே வைத்தனர். இன்று எமது சட்டைப்பையிலுள்ள கைபேசியிலும் அது பழுதின்றித் திறக்கின்றது. முப்பது வருடத்துக்கு முற்பட்ட நிரல் எதனையேனும் இன்றைய கணினியிலே இயக்கிப் பார்க்க முயன்றவருக்கு இதன் அருமை தெரியும்.

அப்படியாயின் மக்கள் ஏன் நிலையான பக்கத்தைக் கைவிட்டனர்? காரணம் வேடிக்கையானது, ஆனால் நியாயமானது. 40 பக்கமுள்ள தளம் ஒன்றிலே, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காரியதரிசியின் பெயர் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே காரியதரிசி மாறிவிட்டால், 40 கோப்புகளைத் திறந்து 40 தடவை திருத்த வேண்டும். 39 ஐத் திருத்திவிட்டு ஒன்றை மறப்பதே மனித இயல்பு. இந்தத் தொல்லைதான் மென்பொருளைத் தேடவைத்தது. 1995 இலே பி.எச்.பி. வெளிவந்தது. பெல்ஜியத்திலே அந்வேர்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த டிரீஸ் பைட்டேர்ட் தொடங்கிய துருபல் 2001 இலும், அமெரிக்காவிலே அப்போது 19 வயதினரான மற் மல்லன்வெக்கும் இங்கிலாந்தினரான மைக் லிற்றிலும் தொடங்கிய வேர்ட்பிரெஸ் 2003 இலும் வெளிவந்தன. இன்று உலகிலுள்ள இணையத்தளங்களில் நூற்றுக்கு 40 க்கும் மேற்பட்டவை வேர்ட்பிரெஸ்ஸில் இயங்குவதாகக் கணக்கெடுப்போர் கூறுகின்றனர். இவற்றைத் தொடங்கியவர்களுள் இருவர் எம்மைப் போன்ற மாணவர் என்பதை எமது இளைஞர் கவனிப்பார்களாக. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்திலே செய்தார்களோ என்னவோ, அதை நாம் விசாரிக்கவில்லை.

பிறகு சக்கரம் மறுபடி திரும்பிற்று. 2008 இல் ரொம் பிரெஸ்ரன்-வேர்னர் என்பவர் ஜெக்கில் என்னும் கருவியை வெளியிட்டார். 2013 இல் ஹியூகோ வந்தது. இவை செய்வது யாதெனில், காரியதரிசியின் பெயரை ஓரிடத்தில் எழுதினாற்போதும்; 40 பக்கங்களையும் ஒரே தடவையில் முன்கூட்டியே கோத்துக் கோப்புகளாகத் தந்துவிடும். அச்சகம் இருக்கின்றது, ஆனால் அச்சடித்து முடிந்ததும் பூட்டிவிடலாம். உண்மையைச் சொன்னால் இதுவும் முற்றிலும் புதிதன்று. 2001 இல் வெளிவந்த மூவபிள் ரைப் என்னும் மென்பொருளும் எழுதியதை நிலையான கோப்பாக்கி வைக்கும் முறையையே கைக்கொண்டது. புதியது என்று கொட்டி முழக்கப்படுவதில் எவ்வளவு பழையது என்பதைப் பார்க்கும் பழக்கம் கணினித் துறையாருக்குக் குறைவு.

தமிழிலே இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. ஒன்று, சுவிற்சர்லாந்திலே வசிக்கும் கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம். உலகெங்குமுள்ள தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை பார்த்து, ஒவ்வொரு நூலையும் ஒவ்வொரு கோப்பாக வைத்தார்கள். தரவுத்தளமும் இல்லை, உள்நுழையும் வாசலும் இல்லை. நூல் ஒன்று பிழை பார்த்து முடிந்துவிட்டால் அதை நாள்தோறும் மாற்ற வேண்டிய தேவை என்ன? ஆதலின் நிலையான பக்கமே அதற்கு ஏற்றது. ஆனால் துன்பமும் இருந்தது. தொடக்க காலத்தில் யூனிக்கோட் தமிழ் பரவவில்லை. திஸ்கி முதலான குறியீடுகளிலே ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிக்கோட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கோப்புகள் எளியனவாய் இருந்தமையாற்றான் அந்த மாற்றமும் இயலுவதாயிற்று.

மற்றையது எம் நாட்டுத் தமிழர் அறிந்த நூலகம் திட்டம். 2005 இலே தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சங்க மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கானவற்றை மின்வடிவிலே சேர்த்து வைத்திருக்கின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியோர்களுக்கு அதன் பெறுமதியை நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. அந்தத் தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளிலே இயங்குகின்றது. விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளிலேதான் இயங்குகின்றது. இங்கே நிலையான பக்கம் போதாது. ஏனெனில் பல கைகள் ஒரே வேளையில் எழுதுகின்றன. ஒரு நூலின் ஆசிரியர், ஆண்டு, வகை என்னும் விபரங்கள் பல பட்டியல்களிலே ஒருங்கே தோன்ற வேண்டும். யார் எதைத் திருத்தினார் என்பதற்குப் பதிவும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கின்றது. அச்சகத்தைத் திறந்து வைத்திருக்க ஆள் இருக்கின்றது.

இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ் இருந்த கதையொன்று அமெரிக்காவிலே உண்டு. 2013 ஆம் ஆண்டு அந்நாட்டு மத்திய அரசு, மக்கள் சுகாதாரக் காப்புறுதி பெறுவதற்காக ஹெல்த்கெயார்.கவ் என்னும் தளத்தை அமைத்தது. காப்புறுதி என்றால் என்ன, யார் விண்ணப்பிக்கலாம் என்று விளக்கும் முன்பகுதியை ஒரு சிறு கம்பனி ஜெக்கில் கொண்டு நிலையான பக்கங்களாகச் செய்து கொடுத்தது. விண்ணப்பத்தை ஏற்று, வருமானத்தைச் சரிபார்த்து, பதிவு செய்யும் பின்பகுதியை வேறு பெரிய கம்பனிகள் செய்தன. ஒக்ரோபர் 1 ஆம் திகதி தளம் திறந்தது. மக்கள் கூட்டம் வந்து மோதிற்று. முதல் நாளிலே பதிவை முடிக்க முடிந்தவர் 6 பேர் மாத்திரமே என்பது பின்னர் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. விளக்கப் பக்கங்களோ தம் பாட்டிலே திறந்தபடி இருந்தன.

இதைக் கேட்டவுடன் நிலையான பக்கக் கட்சியார் கைதட்டத் தொடங்குகின்றனர்! சிறிது பொறுக்க. பின்பகுதி செய்ய வேண்டியிருந்த வேலையை எந்த நிலையான பக்கமும் செய்திருக்க முடியாது. ஒருவரது வருமானத்தை வரித் திணைக்களத்திடம் கேட்டறிந்து அவருக்குரிய தொகையைக் கணிக்கும் காரியத்தை எழுதி வைத்த ஏடு செய்யுமா? எளிய வேலையைப் பெற்றவர் அதை எளிய கருவியாற் செய்தார். அதற்காக அவரைப் பாராட்டலாம். கடினமான வேலைக்காரர் தோற்றதற்கு வேறு காரணங்கள் பல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வேலையைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதை மாத்திரமே. வாசிப்பதற்குரியது வேறு, ஆளுக்கு ஆள் கணக்குப் பார்ப்பது வேறு.

இனி, திறந்த அச்சகத்தின் ஆபத்தைப் பற்றி. 2014 ஒக்ரோபர் 15 ஆம் திகதி, துருபல் மென்பொருளில் ஒரு பெரும் ஓட்டை இருப்பதாக அதனை ஆக்கியோரே அறிவித்து, அடைப்பதற்குரிய திருத்தத்தையும் வெளியிட்டனர். இரண்டு கிழமையின் பின் அவர்கள் விடுத்த அறிவித்தல் திகைப்பூட்டுவது. முதல் அறிவித்தல் வந்து 7 மணித்தியாலத்துக்குள் திருத்தம் செய்யாத துருபல் 7 தளங்கள் யாவும் கள்வர் கையிற் சிக்கிவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றனர். அந்த 7 மணித்தியாலம் எம் நாட்டுக் கடிகாரத்தில் எப்போது? இரவு 9.30 தொடக்கம் அதிகாலை 4.30 வரை. துருபலை நம்பியிருந்த எம் நாட்டுச் சங்கம் ஏதும் இருந்திருப்பின், அதன் காரியதரிசி சாப்பிட்டுப் படுத்து எழும்புமுன் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

"எம்மைப் போன்ற சிறிய சங்கத்தை யார் தேடிவந்து தாக்கப் போகிறார்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எவரும் தேடி வருவதில்லை, ஐயா. ஆள் வைத்துச் செய்யும் களவன்று இது. நிரல்கள் ஓயாமல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகின்றன; எந்தக் கதவு திறக்கின்றதோ அதனுள்ளே புகுகின்றன. எமது பணத்தை எடுக்க அல்ல. எமது வீட்டைத் தம் விளம்பரப் பலகையாகவும், குப்பைக் கடிதங்கள் அனுப்பும் கந்தோராகவும் ஆக்கிக்கொள்ளவே.

எமக்குத் தெரிந்த ஒரு வாசிகசாலையின் கதையைப் பெயர் குறியாமற் சொல்லுகின்றோம். அவ்வூரிலே கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் வேர்ட்பிரெஸ்ஸிலே அழகான தளமொன்றை அமைத்தார். ஊரின் முதியோர் பலரைச் சந்தித்து, பழைய காலத்து விஷயங்களைக் கேட்டு எழுதி, படங்களோடு பிரசுரித்தார். ஊரவரும் வெளிநாட்டிலுள்ளோரும் விரும்பி வாசித்தார்கள். பின்னர் அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு சென்றார். கடவுச்சொல் அவரிடம், வருடாந்தக் கட்டணத்துக்கான கடிதம் போவது அவர் பாவியாத பழைய மின்னஞ்சலுக்கு. தளத்திலே செருகியிருந்த சிறு மென்பொருள்களுள் ஒன்றை அதை ஆக்கியவரே கைவிட்டுவிட்டார்; திருத்தம் வரவில்லை. ஒருநாள் வாசிகசாலையின் முகவரியைத் திறந்தவருக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தது. இடம் கொடுத்திருந்த கம்பனி தளத்தை நிறுத்திற்று. கட்டணமும் கட்டப்படாமையால் பின்னர் அழித்துவிட்டது. தரவுத்தளத்துக்கு வேறு பிரதி இல்லை. அந்த முதியோர்களுள் இருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் சொன்னவற்றை மறுபடி யாரிடம் கேட்பது?

இதிலே அந்தப் பிள்ளையிற் குற்றம் காண நாம் விரும்பவில்லை. படிக்கப் போனது குற்றமன்று. வேர்ட்பிரெஸ்ஸிலும் முழுக் குற்றம் இல்லை. 2013 இல் வந்த 3.7 ஆம் பதிப்புத் தொடக்கம் அது பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் வசதியுடையது. வெளியார் செருகல்கள்தாம் பெரும்பாலும் தொல்லை. நாம் கேட்பது இதுதான். அதே தளம் நிலையான பக்கங்களாய் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கவனிப்பாரின்றிப் போயிருக்கும், புதிய செய்தி ஒன்றும் ஏறியிராது, பழைய காரியதரிசியின் பெயரே இன்னமும் அடியிலே நின்றிருக்கும். ஆனால் இலவச இடத்திலே வைத்திருந்தால் அந்த முதியோரின் வார்த்தைகள் அப்படியே கிடந்திருக்கும். கவனிப்பாரற்ற நிலையான தளம் பழையதாகும், கவனிப்பாரற்ற சி.எம்.எஸ். பழுதாகும். சங்கங்களிலே கவனிப்பாரற்ற காலம் வராது என்று எவரேனும் உறுதி சொல்ல முடியுமா? ஈராண்டுக்கொருமுறை இளைஞர் தலைமுறை மாறுகின்றது. பரீட்சை, தொழில், திருமணம், வெளிநாடு என்று ஆளுக்கொரு திசை போகின்றோம்.

நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே காலை வேளைகளில் அடிக்கடி சொல்லப்படும் உவமை ஒன்று, கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பது. இணையத்தளத்திலே கட்டும் செலவு சிறிது. ஒரு விடுமுறையிலே கட்டிவிடலாம். கட்டிய பின் வருடந்தோறும் பேணும் செலவே செலவு. உவமை சொன்னவர் காலத்திலே மாதாந்தத் திருத்தங்கள் இல்லை. இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார் என்று நினைக்கின்றோம்.

நிலையான தளத்திலும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. ஜெக்கில், ஹியூகோ முதலியவற்றைக் கருப்புத் திரையிலே கட்டளை எழுதி இயக்கவேண்டும். அது தெரிந்தவர் ஒருவரே எனின், அவர் போனபின் திருத்த ஆளில்லை என்ற பழைய கதையே வேறு வடிவில் வரும். எழுதியதைத் தளத்திலேயே தேடித்தரும் வசதி, சந்தா வாங்குதல், அங்கத்தவர் உள்நுழைதல் என்பவற்றுக்கு வெளியார் துணை வேண்டும். நாளொன்றுக்கு நாலு செய்தி போடும் பத்திரிகைக்கு இதை யாரும் சிபார்சு செய்யார். எமது சங்கம் அப்படியானது என்றால், சம்பளம் கொடுத்து ஓராளை வைத்து, நல்ல சி.எம்.எஸ். ஒன்றை அமைத்துக்கொள்வதே முறை. அல்லது வேர்ட்பிரெஸ்.கொம் போன்ற இடத்திலே பணம் கட்டிப் பேணும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடலாம். அதுவும் தக்க வழியே.

எமது சங்கம் எப்படிப்பட்டது? எமது தளத்திலே ஏறப்போவன எவை என்று நிர்வாக சபையினர் எழுதித் தந்த பட்டியலைப் பார்த்தோம். சங்க வரலாறு, உத்தியோகத்தர் பெயர், ஆண்டு மலர்கள், விழாப் படங்கள், கூட்ட அறிவித்தல். இவற்றுள் முதல் நான்கும் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மாறுவன. கூட்ட அறிவித்தலோ வட்ஸ்அப் குழுவிலே முன்னமே ஓடுகின்றது. அதைத் தளத்திலே தேடி எவர் வரப்போகிறார்? அங்கத்தவர் இடாப்பையும் ஏற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் உள்ள இடாப்பு தனாதிகாரியின் அலுமாரியிலேயே இருக்கட்டும். எந்த வகைத் தளத்துக்கும் அது உரியதன்று.

ஆகவே நிலையான தளமே எமக்கு ஏற்றது என்பது எமது அபிப்பிராயம். கருப்புத் திரைச் சங்கடத்துக்கு ஒரு வழி உண்டு. கிற்ஹப் என்னும் இடத்திலே பக்கங்களை வைத்தால், ஜெக்கில் கொண்டு கோக்கும் வேலையை அவர்களே செய்துவிடுகின்றனர். காரியதரிசி தம் கைபேசியிலேயே உள்நுழைந்து, சொல்லைத் திருத்திச் சேமித்தால், சில நிமிடத்தில் தளம் மாறிவிடும். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற வரலாறும் அங்கே நிற்கும். பிழையாய்த் திருத்தினால் முந்தியதைத் திருப்பி எடுக்கலாம். இடத்துக்குக் கட்டணம் இல்லை; முகவரிப் பெயருக்கு மாத்திரம் வருடாந்தம் கட்ட வேண்டும். ஆனால் தளம் 1 ஜிகாபைற்றை மீறலாகாது என்பது அவர்களது விதி. மலர்களைப் படம் பிடித்து ஏற்றினால் அவ்வளவு இடமும் விரைவில் நிரம்பிவிடும். ஆதலின் மலர்களின் முழுப் பிரதிகளை நூலகம் திட்டத்தாரிடம் ஒப்படைத்து, எமது தளத்திலே பொருளடக்கமும், தேர்ந்த கட்டுரைகளின் எழுத்து வடிவமும், அங்கே செல்லும் இணைப்பும் வைப்போம்.

இலவசம் என்பதை நம்பலாமா என்று தனாதிகாரி கேட்பது எமது காதில் விழுகின்றது. முழுதும் நம்பலாகாது. ஜியோசிற்றீஸ் என்னும் இடத்திலே உலகமக்கள் இலட்சக்கணக்கான பக்கங்களை இலவசமாகக் கட்டி வைத்திருந்தனர். அவையும் நிலையான பக்கங்களே. யாகூ கம்பனி அதை 1999 இல் வாங்கி, 2009 இல் மூடிவிட்டது. ஆர்வலர் சிலர் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததாற் பல தப்பின, பல தப்பவில்லை. ஆகவே நிலையான தளம் என்றாலே என்றும் நிலைக்கும் என்பதன்று. அதை ஒரு சிறு நினைவுக்கோலிலே முழுமையாகப் பிரதிபண்ணி வைக்கலாம். ஓரிடம் மூடினால் அன்றைக்கே இன்னோரிடத்திலே விரித்துவிடலாம். தரவுத்தளம், நிரல், பதிப்பு இலக்கம் என்று ஒன்றுடனொன்று பொருந்தவைக்கும் சங்கடம் இதில் இல்லை.

சபையின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. தளத்தின் மின்னஞ்சல் எந்த ஒருவருடையதாயும் அன்றிச் சங்கத்துடையதாய் இருத்தல் வேண்டும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தனாதிகாரியிடம் ஒன்றும் போஷகர் ஒருவரிடம் ஒன்றுமாகக் கொடுத்து வைத்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, தளத்தின் பிரதியுள்ள நினைவுக்கோலும் சபையிலே காட்டப்படல் வேண்டும். திருத்தும் முறையைப் பழகுவதற்கு இளைஞர் இருவர் வேண்டும், ஒருவர் போதாது. இருவருள் ஒருவரேனும் இன்னும் பாடசாலையிற் படிப்பவராயிருந்தால் நல்லது. அவர் ஊரைவிட்டுப் போகச் சில வருடம் செல்லும்.

பெரியோர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். சங்கத்தின் முற்காலத்து மலர்கள் சில சங்க அலுமாரியிலே இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலோ பரண்களிலோ அவை இருக்கக்கூடும். அட்டை கிழிந்ததாயினும், கறையான் தொட்டதாயினும் பரவாயில்லை. பிரதி எடுக்கும் பொறி ஒன்று பல்கலைக்கழக விடுமுறை முடியும்வரை எம்மிடம் உண்டு. மலரை உங்கள் வீட்டுக்கே வந்து வாங்கி, பிரதி எடுத்து, அன்று மாலையே திருப்பித் தருவோம்.